ஒருமுறை விட்ட கை

கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியில் இருக்கும் அந்த பாமசிக்குப் போய்வருகிறவர்களுக்கு ரொஷேலைத் தெரியும். மருந்துத் துண்டை நீட்டுவதற்கு முன்பே முகத்தைப் பார்த்து, "பிறஷர் குளிசைதானே அன்ரி? போன கிழமை வந்து எடுத்திருக்கோணும், ஏன் பிந்தினீங்கள்?" என்று செல்லமாக அதட்டுகிற பெண். பிள்ளை பிறந்தபிறகு வேலையை விட்டு வீட்டில் நிற்கிறாள்.

இப்போது அதே வீதியால் அவள் போகும்போது சின்னப் பிள்ளைகள் "கங்காரு அன்ரி" என்று கூப்பிடுகிறார்கள். காரணம் இருக்கிறது. ஒன்பது மாதக் குழந்தை ஈத்தனை ஒரு நீளத் துப்பட்டாவால் தன் மார்போடு சேர்த்துக் கட்டி, முதுகில் இரட்டை முடிச்சுப் போட்டபிறகுதான் அவள் படி இறங்குவாள். கடைக்கும் அப்படித்தான், கிளினிக்குக்கும் அப்படித்தான். கணவன் ஸ்ரான்லி கூட வந்தாலும் அப்படித்தான். கங்காரு என்ற பெயரைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போவாள்.

அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருந்ததை யார் கண்டார்கள்?

ரொஷேல் தன் கைகளை நம்பவில்லை. அந்தக் கைகள் ஒருமுறை விட்டவை. 

அப்பா ஹியூபேட் துறைமுகத்தில் கிறேன் ஓட்டியவர். அவர் நெஞ்சுவலியில் போன மறுவருடமே அம்மாவும் படுக்கையில் விழுந்தாள். கடைசி நாள் காலையில் அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. "டிலக்ஷி சின்னப் பிள்ளை. அவளின்ட கையை விட்டிடாத, ரொஷேல்." விடமாட்டேன் என்று அம்மாவின் நெற்றியில் முத்தமிட்டுச் சொன்னாள் ரொஷேல். அப்போது தங்கைக்குப் பதினான்கு வயது.

அதற்குப் பிறகு வந்தது அந்த உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்கு அக்காவும் தங்கையும் புதுச் சட்டை போட்டுக்கொண்டு கைகோத்துத்தான் போனார்கள். கோவிலுக்குள்ளும் கைகோத்துத்தான் நின்றார்கள். முதுகுப் பையோடு உள்ளே வந்த ஒருவன் குண்டை வெடிக்கவைத்தான். வானம் இடிந்து விழுந்ததுபோலச் சத்தம் வந்தது. ரொஷேலுக்கு நினைவு திரும்பியபோது அவள் வீதியில் நின்றாள். காலில் செருப்பில்லை. உடம்பில் கீறல்கூட இல்லை. விரித்துப் பார்த்த கையில் தங்கையின் கை இல்லை!

டிலக்ஷியை முகம் தெரியாத யாரோ ஒருவர் தூக்கிக்கொண்டு வந்து அம்புலன்ஸில் ஏற்றினார். உயிர் தப்பியது. இடது காது போய்விட்டது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும், "உங்கள் ரெண்டு பேரையும் அந்தோனியார்தான் காப்பாத்தினவர்" என்றார்கள். ரொஷேல் தலையாட்டினாள். அவளுக்குத்தான் தெரியும். தங்கையின் விரல்கள் இறுக்கிப் பிடித்திருந்தன. உதறியது அவள் கை.

அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. தங்கையும் அதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு வருடம் கழித்து ஸ்ரான்லியை மணந்தபோது அவனிடமும் சொல்லவில்லை. தாயான நாளிலிருந்து ஒரே கேள்விதான் அவளைத் தின்றது. இன்னொரு தடவை அப்படி ஒன்று நடந்தால், இந்தப் பிள்ளையையும் விட்டுவிட்டு ஓடுவேனா? 

அதற்குத்தான் அந்த முடிச்சு.

ஸ்ரான்லி ஒரு கப்பல் ஏஜென்சியில் கிளாக் வேலையில் இருந்தான். வருடமுடிவுக் கொண்டாட்டத்தில் அவனுக்குச் சீட்டிழுப்பில் ஒரு வவுச்சர் விழுந்தது. பெந்தோட்டைக் கடற்கரையில் ஒரு ஹோட்டலில் குடும்பத்தோடு இரண்டு இரவு. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மாதக்கணக்காக மனைவியைக் கெஞ்சினான்.

"மூண்டு நேரச் சாப்பாடும் அவங்களே தருவாங்கள், ரொஷ். நீ ஒரு கோப்பையும் கழுவத் தேவையில்லை."

"கைப்பிள்ளையோட எப்பிடிப் போறது? அவனுக்கு இடம் மாறினா நித்திரை வராது."

"இஞ்ச மட்டும் வருதோ?"

"எந்த நாள்?"

"சனி போய்த் திங்கள் வாறம். வவுச்சர் இந்த மாதத்தோட முடியுது."

அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பெரிய ஹோட்டலின் சாப்பாட்டு மண்டபத்தில், சனக்கூட்டத்துக்கு நடுவில் உட்கார வேண்டும். கோவிலில் குண்டு வெடித்த அதே காலையில் ஹோட்டல்களின் சாப்பாட்டு மண்டபங்களிலும் வெடித்தது. வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் ஸ்ரான்லியின் முகத்தில் இருந்த ஆசை! கல்யாணத்துக்குப் பிறகு அவன் அவளைக் கூட்டிக்கொண்டு போகக் கேட்ட முதல் இடம் அது.

"டிலக்ஷியும் வந்தா வாறன்" என்றாள்.

சனிக்கிழமை காலை பௌஸி நானாவின் வான் வாசலில் வந்து நின்றது. பக்கத்து ஒழுங்கைக்காரர். நாலு பிள்ளைகளின் தகப்பன். வானுக்குள் ஏறிய சாமான்களைப் பார்த்து வாயைப் பிளந்தார்.

"ஸ்ரான்லி தம்பி, ரெண்டு நாளைக்குப் போறியளா, வீடு மாறுறியளா? நுளம்பு வலை, பேசின், வாளி... வாளி என்னத்துக்கு? அங்க வாளி ஈக்கும்தானே?"

"அந்த வாளியில வேற ஆக்கள் குளிச்சிருப்பினம் நானா" என்றாள் ரொஷேல். "ஹைவேயில போக வேணாம். காலி வீதியாலயே போங்கோ."

"ஹைவேயால போனா ஒரு மணித்தியாலம். காலி வீதியால போனா பகல் சாப்பாடு பாணந்துறையிலதான்."

"ஹைவேயில நினைச்ச இடத்தில இறங்க ஏலாது."

பௌஸி ஸ்ரான்லியைப் பார்த்தார். ஸ்ரான்லி கண்ணால் கெஞ்சினான். வான் காலி வீதிக்குத் திரும்பியது.

வெள்ளவத்தையில் டிலக்ஷி ஏறினாள். அங்கே ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கில் வரவேற்பில் வேலை. போர்டிங்கில் இருக்கிறாள். வலது காதை முன்னுக்கு நீட்டிக் கதை கேட்கிற பழக்கத்தால் எப்போதும் யாரையோ கிண்டல் செய்வதுபோலத் தலை சாய்ந்திருக்கும். பெரும்பாலும் கிண்டல்தான்.

"ஞாயிற்றுக்கிழமைப் பூசையை விட்டிட்டு அப்பம் சாப்பிடப் போறம். பாவசங்கீர்த்தனத்தில அத்தானின்ட பேரைத்தான் சொல்லுவன்" என்றபடி மடியில் ஒரு சாக்குப் பையை வைத்தாள்.

"அதென்ன?" என்றான் ஸ்ரான்லி.

"றைஸ் குக்கர்."

"என்ன! அது ஹோட்டல், டிலக்ஷி! ரூமில சமைக்கக் கூடாதெண்டு வவுச்சரிலயே அடிச்சிருக்கிறான்!"

"உங்கட பிள்ளை ஹோட்டல் சூப் குடிப்பானோ? அவனுக்குச் சிவப்பரிசி, பருப்பு, கரட், நெத்தலித் தூள். எல்லாம் கொண்டுவந்திருக்கிறன். நீங்கள் பேசாம அப்பத்தைத் தின்னுங்கோ."

"பிடிபட்டா?"

"நான் செவிடெண்டு சொல்லுவன்."

பௌஸி ஸ்டியரிங்கில் அடித்துச் சிரித்தார். ரொஷேல் சிரிக்கவில்லை. அவள் கண் கதவின் பிடியில் இருந்தது. கல்கிசையில் பிள்ளை அழுதான், வான் நின்றது. மொரட்டுவையில் பம்பர்ஸ் மாற்ற நின்றது. பாணந்துறைப் பாலத்துக்கு முன்னால் ஒரு காரணமுமில்லாமல் நின்றது. "கொஞ்சம் காத்துப் படட்டும்" என்று இறங்கி, மார்பில் கட்டிய பிள்ளையோடு வீதியோரம் மேலும் கீழும் நடந்தாள்.

"தங்கச்சி, என்னத்துக்கு இவ்வளவு யோசின?" என்றார் பௌஸி. "புள்ள நல்லாத்தானே ஈக்கி. நீங்கதான் நித்திர இல்லாம ஈக்கிற."

அவள் வானில் ஏறிக் கதவைச் சாத்தினாள். என்னவென்று சொல்வாள்?

ஹோட்டல் வாசலில் இறங்கியதும் பிள்ளைக்குக் கடலைக் காட்டுகிறேன் என்று ரொஷேல் புல்வெளிப் பக்கம் போய்விட்டாள். சாக்குப் பைக்குள்ளிருந்து குக்கரின் மூடி துருத்திக்கொண்டு தெரிந்தது. "இதோட உள்ளுக்குப் போனாப் பிடிபடுவீங்க" என்று பௌஸி தன் மகனுடைய பழைய கறுப்பு முதுகுப் பையைப் பின் சீட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தார். டிலக்ஷி குக்கரை அதற்குள் திணித்துத் தோளில் மாட்டிக்கொண்டு றிசெப்ஷனைத் தாண்டி ராணிபோல நடந்தாள். அந்தக் கறுப்புப் பையை ரொஷேல் பார்க்கவில்லை. திங்கட்கிழமை வருகிறேன் என்று பௌஸி வானைத் திருப்பினார்.

அறை அழகாகத்தான் இருந்தது. வெள்ளைக் கட்டில், யன்னலுக்கு வெளியே தென்னை, அதற்கப்பால் கடல். ஸ்ரான்லி கட்டிலில் விழுந்து, "ஆண்டவரே!" என்று பெருமூச்சு விட்டான். ரொஷேல் தாழ்வாரத்துக்குப் போய்ப் படிக்கட்டு எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்தாள். மறுபடியும் போய், அந்தப் படிக்கட்டு எங்கே போய் முடிகிறது என்று பார்த்துவிட்டு வந்தாள். பிள்ளைக்குக் கொடுத்த தொட்டிலைத் தள்ளித் தள்ளிக் கதவடியில் வைத்தாள்.

"கொஞ்சம் இரு, ரொஷ்" என்றான் ஸ்ரான்லி.

"இருக்கிறன்தானே" என்றாள், நின்றுகொண்டே.

மாலையில் டிலக்ஷி பையை அலுமாரிக்குள் தள்ளிவிட்டு, பாத்றூமில் குக்கரைப் பிளக்கில் மாட்டிக் கஞ்சி வைத்தாள். நெத்தலி மணம் கதவிடுக்கால் தாழ்வாரமெல்லாம் போனது. ஹோட்டல் பையன் ஒருவன் கதவைத் தட்டி, "மிஸ், ஏதாவது எரியுதா?" என்று சிங்களத்தில் கேட்டான். "பிள்ளை... பிள்ளை வயித்தாலை போயிட்டான்" என்று அரைகுறைச் சிங்களத்தில் உளறினான் ஸ்ரான்லி. மூக்கைப் பிடித்துக்கொண்டு போனான் பையன். டிலக்ஷி பாத்றூம் நிலத்தில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். ஈத்தன் மட்டும் கோப்பையை வழித்து வழித்துச் சாப்பிட்டான்.

மறுநாள் ஞாயிறு. விடியமுன்பே ரொஷேல் எழுந்து பிள்ளையை மார்போடு கட்டிக்கொண்டாள்.

அறையைத் துப்புரவாக்க ஆள் வருகிறது என்று தெரிந்ததும், டிலக்ஷி பிள்ளையின் காலைக் கஞ்சியைக் குக்கரோடு கறுப்புப் பைக்குள் வைத்துத் தோளில் போட்டுக்கொண்டு எல்லாருக்கும் முதலில் கீழே இறங்கினாள். கஞ்சி ஆறிப்போயிருந்தது. சமையல்காரரிடம் சூடாக்கித் தரச் சொல்லலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. பெரிய ஹோட்டலில் எதையாவது கேட்டால் ஏசுவார்கள் என்றுதான் அவர்கள் எல்லாருமே நினைத்திருந்தார்கள். சாப்பாட்டு மண்டப வாசலில் பெரிய பூச்சாடி ஒன்று. அதற்குப் பின்னால் சுவரில் ஒரு பிளக். பையை அங்கே ஒளித்து, வயரை மாட்டி, ஆவி போகட்டும் என்று பையின் ஸிப்பைப் பாதி திறந்துவைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

பின்னால் வந்த ரொஷேல் வாசலோரத்து மேசையைத்தான் கேட்டாள். அங்கே இடமில்லை. கடலைப் பார்த்த கண்ணாடிக் கதவோரம், மண்டபத்தின் மறுகரையில் கிடைத்தது.

"இஞ்ச பார், பிள்ளைக்குக் கதிரை தந்திருக்கிறாங்கள்" என்றான் ஸ்ரான்லி. "கட்டோட இருந்து சாப்பிட்டா உன்ட சம்பல் அவன்ட தலையிலதான் விழும். ஒரு நேரமாவது அவிழ்த்துப்போட்டுச் சாப்பிடு, ரொஷ். எனக்காக."

எனக்காக என்ற சொல்லுக்கு அவள் எப்போதும் தோற்றுவிடுவாள். முடிச்சை அவிழ்த்தாள். உயரமான மரக்கதிரையில் பிள்ளையை இருத்தி, பெல்டைப் பூட்டி, இழுத்துப் பார்த்தாள். மறுபடியும் இழுத்துப் பார்த்தாள். மார்பில் காற்றுப் பட்டபோது உடம்பில் ஏதோ ஒன்று குறைந்துபோனதுபோல இருந்தது.

"நான் பாக்கிறன், நீ போய் எடுத்துச் சாப்பிடு" என்றாள் டிலக்ஷி, வாய் நிறைய முட்டை அப்பத்தோடு. ஸ்ரான்லி படகுச் சவாரியைப்பற்றி விசாரிக்க றிசெப்ஷனுக்குப் போனான்.

ரொஷேலுக்குச் சாப்பிடத் தோன்றவில்லை. தண்ணீர் மட்டும் எடுக்கப் போனாள். தண்ணீர் வைத்திருந்த மேசை வாசலடியில் இருந்தது. கிளாஸை நிரப்பிக்கொண்டு திரும்பினாள்.

பூச்சாடிக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பை.

அருகில் யாரும் இல்லை. பைக்குள்ளிருந்து ஒரு வயர். பாதி திறந்த வாயில் சின்னதாய் ஒரு சிவப்பு வெளிச்சம். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளுக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். மெல்லிய புகைபோல ஏதோ மேலே எழுந்தது.

கத்த நினைத்தாள். குரல் வரவில்லை.

வாசல் அவளுக்குப் பக்கத்தில் திறந்தே கிடந்தது. வெளியே வெயில். வெளியே உயிர். எட்டி ஒரு அடி வைத்தால் போதும். கிளாஸ் கையிலிருந்து நழுவி உடைந்தது. கால்கள் ஓடத் தொடங்கிவிட்டன. அந்தக் கால்களை அவளுக்குத் தெரியும். அவளைக் கேட்காமல் முன்பும் ஒருநாள் ஓடிய கால்கள்! ஐயோ, மறுபடியுமா? மறுபடியுமா, என் ஆண்டவரே?

இடுப்பில் ஏதோ பலமாக இடித்தது. ஒரு மேசையின் விளிம்பு. ஒரு தட்டு விழுந்தது. ஒரு கதிரை சரிந்தது. யாரோ ஏசினார்கள்.

வெளியே போகிற வழியில் மேசைகள் இல்லையே!

அவள் உள்ளே ஓடிக்கொண்டிருந்தாள்.

பிள்ளையின் பெல்ட் கழலவில்லை. விரல்கள் வழுக்கின. அவ்வளவுதான், கதிரையோடு சேர்த்துப் பிள்ளையைத் தூக்கி ஒரு கைக்குள் அணைத்தாள். அவ்வளவு பாரம் எங்கிருந்து அந்த மெலிந்த கைக்கு ஏறியதோ! மறு கை தங்கையின் மணிக்கட்டைப் பிடித்தது. "அக்கா, என்ன..." என்ற டிலக்ஷியை நிலத்தோடு இழுத்துக்கொண்டு, கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளி, புல்வெளியைக் கடந்து, தென்னைமரத்தடியில் விழுந்து, இருவர் மேலும் கவிழ்ந்துகொண்டாள்.

இந்த நாட்டில் ஒருத்தர் ஓடினால், ஏன் ஓடுகிறாய் என்று கேட்க யாரும் நிற்பதில்லை. மண்டபம் முழுவதும் பின்னால் ஓடிவந்தது. கையில் கரண்டியோடு ஒரு கிழவர். தொப்பியோடு சமையல்காரர். குளியல் உடுப்போடு இரண்டு வெள்ளைக்காரர்.

ஒன்றும் வெடிக்கவில்லை. கடல் இரைந்தது. கதிரைக்குள் சாய்ந்து கிடந்த ஈத்தன் வீரிட்டு அழுதான்.

டை கட்டிய மனேஜர் மூச்சிரைக்க வந்தார். "என்ன நடந்தது, நோனா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"பேக் எகக்... லைட் எகக்..." ஒரு பை, ஒரு லைட். ரொஷேலுக்கு அதற்கு மேல் சிங்களத்தில் வார்த்தை வரவில்லை. வாசலைக் காட்டக் கையைத் தூக்கவும் முடியவில்லை. ஒரு கையில் பிள்ளை, மறு கையில் தங்கை.

டிலக்ஷியின் முகம் மாறியது. "அக்கா... எந்தப் பை? பூச்சாடிக்குப் பின்னாலயா?"

"ஓம்! வயர் போட்டு... சிவப்பு லைட்..."

"அக்கா, அது எங்கட குக்கர்."

காவல்காரர் பையைத் தூரப் பிடித்தபடி கொண்டுவந்து புல்லில் வைத்துத் திறந்தார். மூடி கழன்றது. நெத்தலியும் கரட்டும் சேர்ந்த கஞ்சி மணம் புல்வெளி எங்கும் பரவியது. ஒருவர் சிரித்தார். பிறகு பலர் சிரித்தார்கள்.

"ஏக்க மகே" என்று டிலக்ஷி தலையைக் குனிந்து அது தன்னுடையது என்று ஒப்புக்கொண்டாள். "பபாட்ட கேம."

பிள்ளைச் சாப்பாடா? மனேஜருக்குக் கோபத்தில் காது சிவந்தது. "கிச்சினில் ஒரு சொல் சொன்னால் சூடாக்கித் தரமாட்டோமா? ஒவ்வொரு நாளும் எத்தனை பிள்ளைகளுக்குச் செய்கிறோம்! விருந்தினர்களைப் பாருங்கள், எல்லாரும் பயந்துபோய் நிற்கிறார்கள்! எந்த ஊர் நீங்கள்?"

ஓடிவந்த ஸ்ரான்லி கையைக் கூப்பாத குறையாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டே சொன்னான். "கொட்டாஞ்சேனை, சேர். என்ட மனுசி... அந்த ஞாயிற்றுக்கிழமை அந்தோனியார் கோவிலுக்குள்ள இருந்தவ. இவவும்."

மனேஜர் ரொஷேலைப் பார்த்தார். நிலத்தில் மண்டியிட்டு, கதிரையோடு பிள்ளையை அணைத்து, தங்கையின் மணிக்கட்டை இன்னும் விடாமல் பிடித்திருந்த அந்தப் பெண்ணைப் பார்த்தார். சிரித்தவர்களில் சிலர் நிறுத்தினார்கள். சிலர் நிறுத்தவில்லை.

"குக்கர் திங்கட்கிழமை வரைக்கும் றிசெப்ஷனில் இருக்கட்டும்" என்றார் மனேஜர் மெதுவாக. "கஞ்சியைக் கோப்பையில் போட்டு அனுப்புகிறேன்." திரும்பி, மற்றவர்களை உள்ளே போகச் சொல்லிக் கையசைத்தார்.

ஸ்ரான்லி பெல்டைக் கழற்றிப் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டான். பிறகு அவளுக்கு முன்னால் புல்லில் உட்கார்ந்தான்.

"தண்ணி மேசையடியிலதானே நிண்டனி, றிசெப்ஷனில இருந்து கண்டனான். வாசல் அங்கதானே இருந்தது?"

"ஓம்."

"அப்ப ஏன் உள்ளுக்கு ஓடினனி?"

ஐந்து வருடத்துக்கு மேலாக நெஞ்சுக்குள் பூட்டிவைத்திருந்தது அந்தக் கேள்விக்குத் தாங்கவில்லை.

"அண்டைக்கு நான் உள்ளுக்கு ஓடேல்லை, ஸ்ரான்லி. வெளியால ஓடினனான். இவளின்ட கையை... இவள் இறுக்கிப் பிடிச்சிருந்தவள்... நான் உதறிப்போட்டு ஓடினனான். அம்மாக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்த கை." 

அவள் குமுறி அழுதாள். மனைவியைப் பார்ப்பதா, மச்சாளைப் பார்ப்பதா என்று தெரியவில்லை ஸ்ரான்லிக்கு.

"எனக்குத் தெரியும் அக்கா" என்றாள் டிலக்ஷி.

"என்ன தெரியும்?"

"நீ விட்டது. என்ட கைதானே, எனக்குத் தெரியாம இருக்குமோ?"

"தெரிஞ்சும் ஏன் ஒண்டும் கேக்கேல்லை?"

"நீயாச் சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். நீ சொல்லேல்லை. சரியான கோவம் எனக்கு. ஏன் வெள்ளவத்தையில போர்டிங் எடுத்தனான் எண்டு நினைக்கிறாய்? கிளினிக் கிட்ட எண்டோ? உன்ட முகத்தைப் பாக்க ஏலாமத்தான்."

ரொஷேல் அந்த அடியை வாங்கிக்கொண்டாள். அது அவளுக்கு வர வேண்டியது என்று நீண்டநாளாக அவளுக்குத் தெரியும்.

"இப்பவும் கோவமா?"

"நீ ஒவ்வொரு ஞாயிறும் சோறு கட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்தாய். படியில வைச்சிட்டுப் போவாய். முதல்ல நான் சாப்பிடாம பக்கத்து ரூம் பிள்ளைக்குக் குடுத்தனான். பிறகு ஒருநாள் பசிச்சுது. கோவத்தை வைச்சுக்கொண்டு உன்ட இறால் குழம்பைச் சாப்பிட ஏலாது அக்கா. ரெண்டில ஒண்டுதான் முடியும்."

"அப்ப மன்னிச்சிட்டியா?"

"மன்னிக்க நான் என்ன சுவாமியோ?" டிலக்ஷி வலது காதைத் திருப்பியபடி சொன்னாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. "விட்டாய். அது விட்டதுதான். எனக்குக் காது போனது போனதுதான். ஆனா இண்டைக்குக் கதிரையோட பிள்ளையையும் தூக்கி என்னையும் இழுத்துக்கொண்டு வந்தியே... செருப்பெல்லாம் அங்க கிடக்கு. முழங்கால் உரிஞ்சுபோச்சு. உனக்கு அறிவிருக்கோ?"

ரொஷேல் அழுகைக்கு நடுவில் சிரித்தாள். அல்லது சிரிப்புக்கு நடுவில் அழுதாள்.

"இப்ப கையை விடு அக்கா. நகம் குத்துது. எனக்கு பாத்றூம் போகோணும். பயத்தில வயித்தைக் கலக்குது."

அப்போதுதான் ரொஷேல் குனிந்து பார்த்தாள். அவள் விரல்கள் வெளுத்துப்போய் இன்னும் தங்கையின் மணிக்கட்டைச் சுற்றியிருந்தன. திறக்க நினைத்தாள். திறக்கவில்லை.

"திரும்பி வருவாய்தானே?"

"வராம? அப்பம் ஆறுது."

ஒவ்வொரு விரலாக எடுத்தாள். தங்கையின் தோலில் நகத்தடங்கள் சிவந்து கிடந்தன. டிலக்ஷி கையை உதறி, நொண்டிக்கொண்டு எழுந்து, வெறுங்காலோடு புல்வெளியைக் கடந்து போனாள். ரொஷேலின் முழங்கால்கள் தாமாக எழப் பார்த்தன. அவள் இரண்டு கையாலும் புல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள்.

"ரொஷ், வீட்ட போவமா?" என்றான் ஸ்ரான்லி மெல்ல. "பௌஸி நானாவுக்கு ஒரு கோல் எடுக்கிறன்."

"வேணாம். பிள்ளை உங்கட சட்டையில சத்தி எடுக்கப்போறான், முதல்ல அவனைத் திருப்பிப் பிடியுங்கோ."

கண்ணாடிக் கதவு டிலக்ஷியின் பின்னால் மூடிக்கொண்டது. உள்ளே ஆட்கள் தட்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். தங்கையின் நீலச் சட்டை மேசைகளுக்கிடையில் போய், வலப்பக்கம் திரும்பி, மறைந்தது. ரொஷேல் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.